கிளம்ப மறுத்த 'யாரு கண்டா'

ஃபோலி மாமா சாவியைத் திருகினார்.

"கிர்ர்... கிர்ர்... கிர்ர்..."

வண்டி உறுமியது, குலுங்கியது. ஆனால் கிளம்பவில்லை.

வண்டியின் பெயர் 'யாரு கண்டா'. அந்த மலைப்பக்கத்து வேன் ஒவ்வொன்றின் முதுகிலும் ஏதாவது ஒரு வாசகம் எழுதியிருக்கும். ஊர் அதையே பெயராக வைத்துக் கூப்பிடும். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டால் ஃபோலி மாமா பல்லைக் காட்டுவார். "போய்ச் சேருமோ, நடுவழியில நிக்குமோ, யாரு கண்டா? நான் பொய் சொல்ற ஆளு இல்லைம்மா!"

வேறொரு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். இன்று யாரும் சிரிக்கவில்லை. வண்டிக்குள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பதினான்கு பேர் தேய்த்த சீருடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இன்று பொதுத்தேர்வு. கானா முழுவதும் இதே காலையில்தான் நடக்கிறது. தேர்வுக்கூடம் மலைக்கு அந்தப்பக்கம் இருந்தது. நேரம் தாண்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள். கெஞ்சினாலும் திறக்கமாட்டார்கள்.

யாய்ரா கஞ்சிக் கிண்ணமும் கரண்டியுமாக ஓடிவந்தாள். அவளுக்குப் பத்து வயது. அக்கா செனாம் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்துவிட்டாள் என்று அம்மா கொடுத்தனுப்பிய சோளக் கஞ்சி அது.

"அக்கா, ரெண்டு வாயாவது குடிச்சிடு."

"வேண்டாம்டி. இப்ப ஒண்ணும் இறங்காது." செனாம் கையில் இருந்த பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

அக்காவை அப்படிப் பார்க்க யாய்ராவுக்குக் கஷ்டமாக இருந்தது. ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் அக்கா. படித்து முடித்த பிறகுதான் விளக்கையே அணைப்பாள். இப்போது ஒரு பழைய வண்டி அவளை இங்கேயே உட்கார வைத்திருக்கிறது. யாய்ரா கிண்ணத்தை வண்டியின் தரையில், அக்காவின் காலடியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

"என்ன மாமா ஆச்சு?"

"அதான் தெரியலை!" ஃபோலி மாமா நெற்றியைத் துடைத்தார். "நேத்துதான் புது பாட்டரி போட்டேன். உங்களுக்காகத்தான் போட்டேன்! எவ்வளவு ஜோரா சுத்துது பாரு. பாட்டரி மேல ஒரு குறையும் சொல்ல முடியாது."

அதைச் சொல்லும்போது அந்த நெருக்கடியிலும் அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. பழைய பாட்டரி இருந்தவரை அவர் வண்டியை எப்போதும் மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார். பாட்டரி காலை வாரினால் உருட்டிவிட்டுக் கிளப்பிக்கொள்ளலாம் அல்லவா? நேற்று புதுப் பாட்டரி வந்த தெம்பில், பள்ளிக்கூட வாசலில் மேட்டைப் பார்க்க நிறுத்திவிட்டுப் போய்விட்டார். காலையில் ஏறி உட்கார்ந்ததும் நேராக மேலே பெரிய சாலைக்குப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு.

தலைமையாசிரியர் டோட்ஸே கைகளைப் பிசைந்துகொண்டு வந்தார். "ஃபோலி, பெட்ரோல் இருக்கா இல்லையா?"

"இல்லாம எப்படி சார்?"

ஃபோலி மாமா ஒரு நீளக் குச்சியை எடுத்து டாங்க்கின் வாய்க்குள் விட்டு எடுத்தார். பெட்ரோல் அளவு காட்டும் முள் செத்துப்போய் வருஷக்கணக்கு ஆகிவிட்டது. குச்சிதான் அவருக்கு முள். குச்சியின் நுனி நனைந்திருந்தது.

"பாத்தீங்களா? பெரிய சாலை பங்க் வரைக்கும் தாராளமா வரும். அங்க போய்த்தான் தினமும் போடுறேன். ராத்திரி டாங்க்கு நிறைய வச்சிருந்தா, எவனாவது குழாயைப் போட்டு உறிஞ்சிட்டுப் போயிடுவான்."

மறுபடி சாவியைத் திருகினார். மறுபடி கிர்ர். மறுபடி ஒன்றுமில்லை.

அப்போது எடெம் தன் மோட்டார் பைக்கில் வந்து நின்றான். ஊரில் வாடகைக்கு பைக் ஓட்டுபவன் அவன்தான். விஷயத்தைக் கேட்டதும் தன் பைக்கிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோலை இறக்கி வேனின் டாங்க்கில் ஊற்றினான். அப்போதும் வண்டி அசையவில்லை.

"அப்ப பெட்ரோல் பிரச்சினை இல்லை" என்றான் எடெம். "நான் வேணா ஒருத்தரை ஏத்திட்டுப் போறேன் சார். ஒருத்தரைத்தான் முடியும்."

தலைமையாசிரியர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "செனாம், நீ போம்மா. நீதான் முதல்ல வர்ற பொண்ணு."

செனாம் அசையவில்லை. "நான் மட்டுமா? மாட்டேன் சார். போனா எல்லாரும்தான்."

"பைத்தியமா உனக்கு? ஏறு அக்கா!" என்றாள் யாய்ரா.

"நீ சும்மா இரு."

யாய்ராவுக்கு அக்கா மேல் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. சரி, அப்படியானால் இந்த வண்டி கிளம்பியே ஆகவேண்டும் என்று முடிவு கட்டினாள். அவள் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான் என்பது ஊருக்கே தெரியும்.

ஃபோலி மாமா இன்ஜினிலிருந்து ஒரு பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். எடெம் உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினான். பிளக்கின் நுனியில் 'டிக் டிக்' என்று நீல நிறத்தில் தீப்பொறி பறந்தது.

"பொறியும் இருக்கு" என்றார் ஃபோலி மாமா எரிச்சலோடு. "பாட்டரி இருக்கு, பொறி இருக்கு, பெட்ரோல் இருக்கு. இதுக்கு மேல இந்தக் கழுதைக்கு என்ன வேணுமாம்?"

யாய்ரா பிளக்கை வாங்கிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். "மாமா, இது காய்ஞ்சு கிடக்கே."

"அதனால?"

"இவ்வளவு நேரம் சுத்தினீங்களே, பெட்ரோல் வந்திருந்தா நனைஞ்சிருக்கணும் இல்ல? வாடைகூட இல்லை."

ஃபோலி மாமா பிளக்கைப் பிடுங்கித் தானும் மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "அட ஆமா. அப்ப பம்ப்பு போயிடுச்சு. போச்சு, எல்லாம் போச்சு. பம்ப்பு வாங்க டவுனுக்குத்தான் போகணும்."

அதைக் கேட்டதும் வண்டிக்குள் யாரோ விசும்ப ஆரம்பித்தார்கள். அழுவதற்கு நேரமில்லை என்று யாய்ரா நினைத்தாள். பெட்ரோல் டாங்க்கில் இருக்கிறது, இன்ஜினுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை? அதை மட்டும் கண்டுபிடித்தால் போதும்.

"ஏய் யாய்ரா! கஞ்சி கொட்டுது, எடு! என் ஷூ!" என்று செனாம் கத்தினாள்.

யாய்ரா பாய்ந்து போனாள். சரிந்து நின்ற வண்டியின் தரையில் கிண்ணமும் சரிந்திருந்தது. கஞ்சி முழுவதும் பின்பக்கமாக ஒதுங்கி, விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. முன்பக்கத்தில் கிண்ணத்தின் அடி வெறுமையாகத் தெரிந்தது.

அவள் கிண்ணத்தை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுன்னா எடேன்டி!"

"இரு அக்கா." யாய்ரா திரும்பினாள். "மாமா! டாங்க்குல இருந்து பெட்ரோலை உறிஞ்சுற குழாய் எந்தப் பக்கம் இருக்கு?"

"முன்பக்கம். ஏன்?"

"நீங்க குச்சி விட்ட வாய்?"

"அது பின்னாடி. ஏம்மா இப்ப இந்தக் கேள்வி எல்லாம்..." என்று ஆரம்பித்த ஃபோலி மாமா, யாய்ரா காட்டிய கிண்ணத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

யாய்ரா ஒரு கரண்டியைக் கிண்ணத்தின் முன்பக்கம் வைத்தாள். கரண்டி காய்ந்தே இருந்தது. பின்பக்கம் வைத்தாள். கஞ்சியில் மூழ்கியது. "இருக்குற கொஞ்சப் பெட்ரோலும் பின்னாடி போய் உக்காந்திருக்கு மாமா. அதான் குச்சி நனையுது, குழாய்க்கு ஒண்ணும் கிடைக்கலை. எடெம் அண்ணன் ஊத்தினதும் அங்கதான் போயிருக்கும். வண்டி சமமா நின்னா சரியாயிடும்."

"சமமான இடம் எங்க இருக்கு?" என்றார் தலைமையாசிரியர்.

எல்லோரும் கீழே பார்த்தார்கள். சரிவின் அடியில் பந்து விளையாடும் மைதானம். நேற்றைய மழையில் சேறாகிக் கிடந்தது.

ஃபோலி மாமா வேகமாகத் தலையை ஆட்டினார். "நடக்காது. கீழ உருட்டிக் கொண்டுபோய், அங்கயும் கிளம்பலைன்னா? இந்த யானையைத் திரும்ப மேலே தள்ள ஊரே வந்தாலும் முடியாது. வண்டி அங்கயே மக்கிப் போகும். என் பொழைப்பே இதுதான் பாப்பா."

யாய்ராவுக்கு அது புரிந்தது. அவர் சொல்வது நியாயம்தான். ஆனாலும் அவள் நகரவில்லை.

"இங்கயே நின்னா மட்டும் கிளம்பிடுமா மாமா?"

ஃபோலி மாமா கையில் இருந்த காய்ந்த பிளக்கைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். வண்டிக்குள் இருந்த முகங்களைப் பார்த்தார்.

"எல்லாரும் இறங்குங்க!" என்று கத்தினார். "எடெம், சக்கரத்துக்குக் கட்டை போட ஆள் வேணும், நீ கூடவே வா. ஏய், வண்டிக்குப் பின்னாடி ஒரு குஞ்சு குளுவான் நிக்கக் கூடாது!"

பிளக்கைத் திரும்ப மாட்டினார். பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தபடி, 'யாரு கண்டா'வைப் பின்புறமாக இறக்கினார். வண்டி முனகிக்கொண்டே சரிவில் இறங்கிச் சேற்று மைதானத்தில் போய் நின்றது. மாணவர்கள் ஷூவையும் யாய்ரா கிண்ணத்தையும் கையில் பிடித்துக்கொண்டு வண்டியைத் தொடர்ந்து ஓடினார்கள்.

"கொஞ்சம் பொறுங்க மாமா, பெட்ரோல் முன்னாடி வரட்டும்" என்றாள் யாய்ரா.

"நீயே ஓட்டேன், வா!" என்று முறைத்தார் ஃபோலி மாமா. ஆனாலும் பொறுத்தார். பிறகு சாவியைத் திருகினார்.

"கிர்ர்... கிர்ர்..."

ஒன்றுமில்லை.

"குழாய் காலியா கிடந்ததில்ல, அது நிறையணும். இன்னொரு தடவை!" என்றாள் யாய்ரா.

"கிர்ர்... கிர்ர்... கிர்ர்... டப்!"

"டப்புன்னுச்சு! மாமா, டப்புன்னுச்சு!"

"எனக்கும் காது இருக்கு!"

"கிர்ர்... டப்... டப் டப்... ட்ர்ர்ர்ர்ர்!"

கரும்புகையைக் கக்கிக்கொண்டு 'யாரு கண்டா' உயிர் பெற்றது. மைதானமே கத்தியது. தலைமையாசிரியர் டோட்ஸே சேற்றில் ஒரு குதி குதித்தார். குதித்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார். எல்லோரும்தான் பார்த்தார்கள்.

"ஏறாதீங்க, இங்க ஏறாதீங்க! பாரம் ஏறினா சேத்துல புதைஞ்சிடும். நான் சாலைக்குப் போறேன், நீங்க ஓடி வாங்க!" என்று கத்தினார் ஃபோலி மாமா.

"மாமா!" யாய்ரா கதவைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "முன்னாடியே போனீங்கன்னா மறுபடி மூக்கு மேல பாக்கும். பெட்ரோல் திரும்பவும் பின்னாடி போயிடுமே!"

ஃபோலி மாமா அதை யோசிக்கவே இல்லை. ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு கியரை மாற்றி, மைதானத்துக்குள் ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்பினார். 'யாரு கண்டா' பின்பக்கத்தை மேட்டுக்குக் காட்டிக்கொண்டு, முதுகிலிருந்த சிவப்பு எழுத்து முன்னால் போக, ரிவர்சிலேயே சரிவில் ஏறியது. இப்போது மூக்கு கீழே இருந்ததால் பெட்ரோல் முன்பக்கக் குழாயிடமே தேங்கி நின்றது. அந்த ஊர் ஆடுகள்கூட அப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை. அவை மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கின.

மேலே பெரிய சாலை சமமாக இருந்தது. பங்க் கூப்பிடு தூரத்தில் இருந்தது. மாணவர்கள் மூச்சிரைக்க ஓடிப்போய் ஒருவர் மேல் ஒருவராக ஏறிக்கொண்டார்கள். செனாம் கடைசியாக ஏறினாள். ஏறும் முன் தங்கையின் கையில் இருந்த கிண்ணத்தைப் பிடுங்கி, மிச்சமிருந்த கஞ்சியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா எழுதுவியா அக்கா?" என்று யாய்ரா கேட்டாள்.

செனாம் வாயைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் தூக்கிக் காட்டினாள். அவள் விரல் இப்போது மூடியைத் திருகவில்லை.