குறட்டைக்குச் சாட்சி இல்லை

இஸ்திரிப் பெட்டியில் இன்னும் சூடு இருந்தது.

அந்தப் பெட்டியால் அடி வாங்கிய ஹாஸ்டல் வார்டனின் உடம்பில்தான் உயிர் இல்லை.

அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் இதுவரை ஃபைல்கள்தான் செத்துக் கிடந்திருக்கின்றன. ஆள் செத்தது இதுவே முதல் தடவை.

"மதியம் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நடந்திருக்கு" என்றாள் இன்ஸ்பெக்டர். "அப்ப நீங்க எல்லாரும் எங்க இருந்தீங்க?"

"கிளாஸ்ல மேடம்..."

மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. அதில் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு கிளார்க்கின் குரல் மட்டும் நடுங்கியது.

நடுங்காதா பின்னே? 'உன் குறட்டையால ஹாஸ்டலே முழிச்சுக்கிட்டு இருக்கு, அறையைக் காலி பண்ணு' என்று வார்டன் நேற்று மெஸ்ஸில் கத்த, 'உன்னைக் கொன்னு போட்டுடுவேன்யா' என்று பதிலுக்குக் கத்தியவர் அவர். சாட்சிக்கு மெஸ்ஸே இருந்தது.

"என்ன பாடம் நடந்துச்சு?" இன்ஸ்பெக்டர் அவரைத்தான் கேட்டாள்.

கிளார்க் தலையைச் சொறிந்தார்.

"நான்... தூங்கிட்டேன் மேடம்."

"யாரு பார்த்தா?"

பார்ப்பதற்கு யார் முழித்திருந்தார்கள்?

ஒரே ஒரு கை உயர்ந்தது. 'முதல் பெஞ்ச்' என்று எல்லோரும் கிண்டலடிக்கும் படிப்பாளி.

"நான் தூங்கல மேடம். பாடம் 'அலுவலகத்தில் நேர்மை'. சார் ஏழு பாயிண்ட் சொன்னார். ஏழையும் ஒப்பிக்கவா?"

ஒப்பித்தான். புள்ளி பிசகவில்லை.

"இவர் கிளாஸ்ல இருந்தாரா?"

"இவர் சீட் காலியா இருந்துச்சு மேடம்."

கிளார்க்கின் மனசு கணக்குப் போட்டது. வேலை போகும். பென்ஷன் போகும். கல்யாணத்துக்கு நிற்கும் மகளை யார் கேட்டு வருவார்கள்?

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

"மேடம், புரொஃபசரைக் கேளுங்க!" அலறினார் கிளார்க். "சார், என் குறட்டை உங்களுக்குக் கேட்டிருக்கும்ல? சொல்லுங்க சார்!"

புரொஃபசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்கல."

கிளார்க் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதார்.

அதைப் பார்த்த புரொஃபசர் இரண்டு தடவை இருமினார்.

"எப்படிக் கேட்கும்... நானும் தூங்கிட்டேன்."

"என்னது?"

"போர்டுல தலைப்பு எழுதினேன் மேடம். சாப்பிட்ட மயக்கம். ஃபேன் வேற. சும்மா நாற்காலியில சாஞ்சேன்... பெல் அடிச்சப்பதான் முழிச்சேன். பாடமே நடத்தல."

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினாள்.

"தம்பி... அப்ப அந்த ஏழு பாயிண்ட்டை உனக்கு யாரு சொன்னா?"

முதல் பெஞ்சின் முகம் வெளுத்தது.

"போன வருஷத்து நோட்ஸ்ல..." என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். கதவைப் பார்த்து ஓடினான். கான்ஸ்டபிள் காலை நீட்டினார். அவ்வளவுதான்!

ஜீப்பில் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். தேர்வுக் கேள்வித்தாளைத் திருடித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான். காலையில் வார்டன் பார்த்துவிட்டார். மேலே எழுதிப் போடுவேன் என்றார். மதியம் வகுப்பே தூங்கியபோது நழுவிப் போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியிருக்கிறான்.

கிளார்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு புரொஃபசரின் கையைப் பிடித்தார்.

"சார், நாளைக்கு மதியமும் உங்க கிளாஸ்தானே?"

"ஆமா, ஏன்?"

"இன்னிக்குத் தூங்கின தூக்கமெல்லாம் பயத்துலயே போயிடுச்சு சார்!"