நிற்க மறுத்த சுவிச்சு

1938 மாரி. மின்வேலைக்காரர் வோல்ட்டர், கல்லடி வாவிக்கரையில் இருந்த முனாப் முதலாளியின் பழைய வீட்டு வாசலில் பின்னேரம் சைக்கிளை விட்டு இறங்கினார். அந்த வீட்டுக்கு வந்து வந்தே அவருக்கு அலுத்துவிட்டது.

"அதே அறைதானா முதலாளி?"

"ஓம். மத்த அறையெல்லாம் எரியுது. பொஞ்சாதி பிள்ளைப்பேத்துக்குப் படுத்திருக்கிற அறை மட்டும் எரியுதில்ல. என்ன வேலதான் செஞ்சீங்க?"

வோல்ட்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். வளவுக்குள் வீட்டுக்கு மின்சாரம் தரும் என்ஜின் ஓடியது. மற்ற வீடுகளுக்குப் பியூஸ் கம்பி போடும் அவர், இங்கே கொழும்பிலிருந்து எடுப்பித்த புதுச் சுவிச்சுகளை அறைக்கொன்றாகப் பூட்டியிருந்தார். கம்பியில் அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் அவை தாமாகவே விழுந்து துண்டித்துவிடும்.

அவள் படுத்திருந்த பின்னறையின் சுவிச்சை மேலே தள்ளினார்.

டக். விழுந்தது.

பல்பைக் கழற்றிவிட்டுத் தள்ளினார். விழுந்தது. வேறு அறையின் சுவிச்சை மாற்றிப் பூட்டினார். அதுவும் விழுந்தது. கம்பியோ நேற்றுத்தான் புதிதாக இழுத்தது. பல்புகூட இல்லாத கம்பியில் எது இவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கிறது? சுவரில் கை வைத்தார். பனிக்கட்டி போலக் குளிர்ந்தது. வாவிச் சேற்றின் நாற்றம் அடித்தது.

அறைக்குள் முதலாளியின் மனைவி கைறுன்னிஸா அலறினாள். மருத்துவிச்சி ஹவ்வா உம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"புள்ள தலைமாறிக் கால் முந்திக் கிடக்கு மகன். குப்பிவிளக்கில எனக்குக் கண் தெரியாது. எப்பிடியாவது வெளிச்சம் தாங்க."

"நானும் அதுக்குத்தானே உம்மா மாயிறன். இந்தச் சனியன் நிக்குதில்லயே."

மறுபடி தள்ளினார். இந்த முறை பெருவிரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தார்.

உள்ளிருந்து ஏதோ அவருடைய விரலை மெல்லக் கீழே தள்ளியது.

வோல்ட்டருக்குப் பயத்தை விடக் கோபம்தான் வந்தது. என்ஜினை நிறுத்தச் சொன்னார். சுவிச்சைப் பிடுங்கி எறிந்தார். இரண்டு கம்பி முனைகளையும் நேராக முறுக்கிச் சேர்த்தார். பல்பை மாட்டியதும் என்ஜின் மீண்டும் ஓடியது.

பின்னறை பளீரென்று எரிந்தது.

அந்தியில் மஃரிபு பாங்கு கேட்கும் நேரம் ஆண்பிள்ளை பிறந்தது. தாயும் சுகம். முனாப் வோல்ட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கம்பி சூடாகிரும் முதலாளி. இனி என்ஜினை நிப்பாட்டுவம்."

என்ஜின் ஓய்ந்தது. விறாந்தை இருண்டது. கூடம் இருண்டது.

பின்னறை இருளவில்லை.

வோல்ட்டர் ஓடிப்போய் முறுக்கிய கம்பியைக் குறட்டால் வெட்டினார். வெளிச்சம் குறையவில்லை. உள்ளே போய் வாங்குப் பலகையில் ஏறிப் பல்பைக் கழற்றினார். அது கையில் செத்துக் குளிர்ந்து கிடந்தது.

அறை அப்படியே பளிச்சென்று இருந்தது.

"எங்க இருந்து வருகுது?" கைறுன்னிஸா கிசுகிசுத்தாள்.

ஹவ்வா உம்மா ஓதியபடி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு ஓடினாள்.

பின்னறை இருண்டது.

விறாந்தை வெளிச்சமாகியது.