அழுகைப் பெட்டி

காலை 9.50. ரெக்கார்டிங் அறையில் கிட்டார் மாஸ்டர் இரும்பு அலமாரியைத் திறந்தார். மேல்தட்டு காலியாக இருந்தது.

"பெட்டியைக் காணோம்!"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வெளி நடையில் போன் பேசிக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவியும் வந்தாள். மூன்று பேருமாக அறையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தும் பெட்டி கிடைக்கவில்லை.

சோப்பு டப்பா அளவில் ஒரு பச்சை இரும்புப் பெட்டி அது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே மாட்டுவது. மாஸ்டர் லீடு, அதாவது தனி மெட்டு, வாசித்தால் தொண்டை அடைத்த மனுஷன் அழுகையை விழுங்குவது போல ஒரு குரல் நீண்டு வரும். இருபது வருஷமாக ஊர் உலகமே கேட்ட குரல். அது பெட்டியில்தான் இருக்கிறது என்று அவரே பேட்டிக்குப் பேட்டி சொல்லிவந்ததால், அதற்கு 'அழுகைப் பெட்டி' என்று பெயரே விழுந்துவிட்டது. செய்து கொடுத்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி.

10.40க்கு இன்ஸ்பெக்டர் வந்தாள். கேள்வி கேட்டே ஆளை அறுப்பாள் என்று ஸ்டேஷனில் அவளுக்கு 'ரம்பம்' என்று பட்டப்பெயர். அது அவளுக்கும் தெரியும்.

"அலமாரிக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு மச்சினன்கிட்ட. பூட்டு உடையல. நீங்களே முடிச்சுப் போட்டுக்குங்க" என்றார் மாஸ்டர்.

"முடிச்செல்லாம் அப்புறம். யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பாட்டுக் கம்பெனி முதலாளிகிட்ட, இசையமைப்பாளர்கிட்ட, ஒரு பத்திரிகைக்காரர்கிட்ட. மச்சினன் திருடிட்டான், இன்னைக்கு ரெக்கார்டிங் கிடையாதுன்னு சொல்லிட்டேன்."

"ஒரு மணி நேரத்துல மூணு போனா? சுறுசுறுப்புதான்."

மச்சினனைக் கூட்டிவந்தார்கள். நாற்பது வயது, சட்டைப் பையில் டெஸ்டர், விரல் நுனிகளில் ஈயம் சுட்ட தழும்புகள்.

"காலையில எங்க இருந்தே?"

"இங்கதான் மேடம். எட்டரைக்கு வந்தேன். ஆம்ப்ல ஒரு கண்ணாடி வால்வு மங்கலா எரிஞ்சுது, மாத்தினேன். ஒன்பதுக்குக் கிளம்பிட்டேன்."

"அலமாரியைத் திறந்தியா?"

"இல்ல."

"போன வாரம் உனக்கும் மாஸ்டருக்கும் சண்டையாமே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பெட்டி கெட்டுப்போச்சு, குரல் வரலைன்னு மாமா மூணு தடவை என்கிட்ட குடுத்தார். பிரிச்சுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்ல. 'பெட்டி நல்லாத்தான் இருக்கு மாமா'ன்னு சொன்னேன். அதுக்குக் கையை ஓங்கிட்டு வந்தார். 'என் மூளையை வெச்சுத்தானே உங்களுக்குப் பேரு'ன்னு நானும் வாயை விட்டுட்டேன்."

"பார்த்தீங்களா? அந்த வயித்தெரிச்சல்தான்!" என்றார் மாஸ்டர்.

ஒலிப்பதிவாளர் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். மாஸ்டர் இடது கையால் கோப்பையை வாங்கும்போது அது சாய்ந்து, ஆவி பறக்கும் டீ அவர் விரல்களில் கொட்டியது. அவர் மச்சினனையே முறைத்துக்கொண்டிருந்தார். "ஐயோ, கை!" என்று மனைவி அலறிய பிறகுதான் குனிந்து பார்த்து, கையை உதறினார்.

மனைவி தம்பியை ஓரமாக அழைத்துப்போனாள். மெல்லத்தான் பேசினாள், ஆனாலும் இன்ஸ்பெக்டர் காதில் விழுந்தது. "எடுத்திருந்தா குடுத்துடுடா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

அவன் அக்காவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

11.15. இன்ஸ்பெக்டர் ஒலிப்பதிவாளரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"எனக்குத் தெரிஞ்ச சங்கீதம் ஜீப்போட சைரன்தான். இந்தக் குரல் எங்கேருந்து வருதுன்னு புரியும்படியா சொல்லுங்க."

"ஒரே இடத்துலேருந்து வராது மேடம். கிட்டார்ல வால்யூமை ஏழுல நிறுத்துவார். டோன் திருகை முக்கால்வாசி மூடிடுவார், கீச்சுக்குரல் போயிடும். வால்வு ஆம்பை அது கதறப்போற எல்லை வரைக்கும் தள்ளுவார். பெட்டி சத்தத்தை இழுத்துப் பிடிக்கும். மிச்சம் விரல். இடது கை விரல் நுனியால கம்பியை அமுக்கி, தள்ளி, நடுங்க வைக்கணும்."

"மிச்சம்னா எவ்வளவு?"

"பாதிக்கு மேல."

"பெட்டியோட வாசிச்ச பழைய பதிவு ஒண்ணு, போன வார ஒத்திகை ஒண்ணு. ரெண்டையும் போடுங்க."

பழையதில் ஒரு ஸ்வரம் ஏறியது, நின்றது, முடியும் இடத்தில் உதடு துடிப்பது போல நடுங்கியது. கேட்டவளுக்குக் காரணமில்லாமல் நெஞ்சு கனத்தது. ஒத்திகையிலும் அதே தடிமன், அதே நீளம். ஆனால் ஸ்வரம் கோடு போட்டது போல நேராக ஓடி முடிந்துவிட்டது. ஒலிப்பதிவாளர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டுலயும் பெட்டி இருக்கு. நடுக்கத்தை மட்டும் காணோம். இல்லையா?"

அவர் வால்யூம் திருகை அடிவரை இறக்கினார்.

"அந்த ஆம்பை இப்ப ஓட விடுங்க."

இருவரும் வாசிக்கும் அறைக்கு வந்தார்கள். ஒலிப்பதிவாளர் கிட்டாரை நேராக ஆம்பில் செருகித் தடிக்கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். கறகறவென்று தகர டப்பாவை உருட்டிய சத்தம். அவர் முகம் சுளித்தார்.

"ஸ்பீக்கர் கிழிஞ்சுடுச்சு போல. காலையில வால்வு மாத்தினதும் தம்பி இதே கம்பியைத் தட்டிக் காட்டினான். கண்ணாடி மாதிரி இருந்துது!"

இன்ஸ்பெக்டர் ஆம்பின் பின்பக்கம் போய் மண்டியிட்டாள். பலகை பாதிக்கு மேல் திறந்தே இருந்தது. டார்ச் அடித்துக் கையை உள்ளே விட்டு, பச்சைப் பெட்டியை வெளியே எடுத்தாள்.

"அங்கதான் ஒளிச்சு வெச்சிருக்கான், படுபாவி!" என்று கத்தினார் மாஸ்டர்.

"அவனா? ஆம்போட வைத்தியன் அவன். உள்ளே இரும்பை வெச்சா அது அதிர்ந்து முதல் ஸ்வரத்துலயே காட்டிக் கொடுத்துடும்னு அவனுக்குத் தெரியாதா? திருடியிருந்தா சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிருப்பான். ஒன்பது மணிக்கு அவனை யாரும் தடுக்கல. இதுக்குள்ள ஒளிக்கணும்னா, இன்னைக்கு இந்த ஆம்பை யாரும் வாசிக்கப்போறதில்லைன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அது தெரிஞ்ச ஆள் இங்க ஒருத்தர்தான். எத்தனை மணிக்கு வந்தீங்க மாஸ்டர்?"

"ஒன்பதரை."

"உங்க மனைவி நடையில. இவர் ஹெட்போனோட கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மெஷின் மேல குனிஞ்சுக்கிட்டு. இருபது நிமிஷம் இந்த அறையில தனியா இருந்தது நீங்க மட்டும்தான். சரி, சொந்தப் பொருளை எதுக்கு ஒருத்தர் திருடணும்? அதைக் கொதிக்கிற டீதான் சொல்லிச்சு. கோபத்துல இருந்தாலும் சுட்டா கை தானா இழுத்துக்கும். உங்க கை இழுத்துக்கல."

மாஸ்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். விரல்கள் இன்னும் சிவந்திருந்தன.

"எட்டு மாசம் ஆச்சு. முழங்கையில நரம்பு போச்சு, திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கம்பி எங்க இருக்குன்னே விரலுக்குத் தெரியல" என்றார். "கை போச்சுன்னா பாவம்னு சொல்லிட்டு வேற ஆளைப் பார்ப்பாங்க மேடம். பெட்டி போச்சுன்னா எனக்காகக் காத்திருப்பாங்க."

"அதுக்கு இவன் ஜெயிலுக்குப் போகணுமா?"

"அவனை வெளியில எடுத்திருப்பேன். நாலு நாள்ல புகாரை வாபஸ் வாங்கியிருப்பேன்." சட்டென்று நிமிர்ந்து அவள் முகத்தைக் கெஞ்சலாகப் பார்த்தார். "கிடைக்கலைன்னே எழுதிடுங்களேன். யாரோ திருடன் எடுத்துட்டான்னு இருக்கட்டும்."

மனைவிதான் பேசினாள், தம்பியைப் பார்த்து.

"தம்பி... யாரோன்னுதானேடா சொல்றார். உன் பேரு வராது. அவர் மானம் போயிடும்டா."

மச்சினன் அக்காவையே பார்த்தான். "யாரோன்னு சொன்னா ஊருக்கு அது நான்தான் அக்கா. காலையிலயே மூணு பேருக்குச் சொல்லியாச்சு." அலமாரிச் சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "நான்தான் எடுத்தேன்னு நீயும் நினைச்சே இல்ல?"

அவன் வெளியே போனான். அவள் வாசல்வரை ஓடினாள். படி தாண்டாமல் அங்கேயே நின்றுவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் பொய்ப் புகார் என்று எழுதி, மாஸ்டரின் கையெழுத்தை வாங்கினாள். பிறகு அவருடைய போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"மூணு பேர்கிட்டயும் நீங்களே சொல்லுங்க. இப்ப. என் எதிர்ல."

"மேடம், நாளைக்கு..."

"இப்ப."

இடது கையால் வாங்கப் போனவர், நிறுத்தி, வலது கையால் வாங்கினார். முதல் எண்ணைத் தட்டினார். மறுமுனையில் கம்பெனி முதலாளி உடனே எடுத்தார். மச்சினனைப் பிடித்தாச்சா என்று அவர் கேட்டது அறை முழுக்கக் கேட்டது.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவன் எடுக்கல சார்" என்றார். "என் கைதான் சார்... என் கைதான் போச்சு."