பதினேழு ஓட்டைகள்

"என் இலையை யார் இப்படிப் பண்ணது?"

முதுகில் இருந்த பள்ளிக்கூடப் பையைக்கூட மிளகாய் இறக்கவில்லை. வந்த வேகத்தில் சித்தப்பாவின் தையல் கடையில் எம்பிராய்டரி மிஷினின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

மிளகாய் என்பது வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர். வயது பதினொன்று. கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும். அதைப் பார்த்துத்தான் சித்தப்பா அந்தப் பெயரை வைத்தார். இப்போது அவர் எதிரிலேயே அது சிவந்துகொண்டிருந்தது.

"நான்தான்மா," என்றார் சித்தப்பா சிரித்துக்கொண்டே. "நீ வர்றதுக்குள்ள தைச்சு வைக்கணும்னு மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை. ஃப்ரேமை மட்டும் கழட்டலை. உன் கையாலயே எடுக்கட்டும்னு விட்டு வச்சிருக்கேன்."

ஃப்ரேமில் இழுத்து மாட்டியிருந்தது ஒரு ஏப்ரன். மணல் நிறத் துணி. அதன் மேல், மிளகாய் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்த கொடி நூலில் ஏறிக்கொண்டிருந்தது. இலைகள் பளபளவென்று, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன.

அதுதான் பிரச்சினை.

"ஓட்டை எல்லாம் எங்கே?"

"அதுவா? இலைக்கு நடுநடுவுல நூல் விட்டுப் போயிருந்துச்சு. கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணா தேடிப் பிடிச்சு அடைச்சேன். மொத்தம் பதினேழு. ஒண்ணுகூட விடலை."

சித்தப்பாவுக்கு ஓட்டை என்றால் ஆகாது. தைத்த பூவில் கடுகளவு துணி வெளியே தெரிந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பத்து வருடமாக ஓட்டை அடைத்தே பேர் வாங்கியவர்.

"அது விட்டுப் போனது இல்ல," என்றாள் மிளகாய். "நான் விட்டது. ஒரு வாரமா உட்கார்ந்து நான் போட்ட ஓட்டை."

சித்தப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "இலையில எதுக்குமா ஓட்டை?"

"புழு தின்ன ஓட்டை."

அவள் வரைந்தது பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஏறியிருக்கும் கொடி. அதில் முழு இலையே கிடையாது. எல்லாம் புழு கடித்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, மருந்து அடியுங்கள் என்று ஒருமுறை அலுவலக அறையிலிருந்து ஆள் வந்தார். பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரம்மா கொடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "அதுங்களும் சாப்பிட வேணாமா? சாப்பிட்டுட்டு அதுங்களே பட்டாம்பூச்சியாப் போயிடும். நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க," என்றார். அதன் பிறகு ஒருவரும் மருந்துப் பேச்சை எடுக்கவில்லை.

நாளையோடு தோட்டக்காரம்மா வேலையிலிருந்து நிற்கிறார். அவருக்கு மிளகாயின் வகுப்பு கொடுக்கப்போகும் பரிசுதான் இந்த ஏப்ரன்.

"இதைப் பார்த்தா அவங்களுக்கு எப்படித் தெரியும் அது அவங்க கொடின்னு? இது எந்தக் கடையிலயும் கிடைக்கிற இலை. பழைய ஃபைல் எங்கே?"

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "அது மேலயேதான் சேவ் பண்ணேன்."

"சேவ் வேற பண்ணீங்களா?"

"பிரிச்சுப் பார்க்கலாமா?"

"பிரிச்சா துணி சல்லடையாயிடும். உங்களுக்குத் தெரியாதா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் தப்புத் தப்பாத்தான் போடுவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. உங்களுக்கு என் வேலைன்னா இளக்காரம்."

"ஐயோ, அப்படி இல்லைடா..."

"எனக்கு இந்த ஏப்ரனே வேண்டாம்."

அவள் கை ஃப்ரேமின் திருகுக்குப் போனது. பிடுங்கி மூலையில் எறிந்தால்தான் மனசு ஆறும் போலிருந்தது.

"மிளகாய்," என்றாள் அம்மா. அடுத்த மேஜையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "முதல்ல தண்ணி."

இது அம்மாவின் வைத்தியம். கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்து முடிப்பதற்குள் சாமி ஒரு நல்ல யோசனை அனுப்பி வைப்பார் என்பாள். மிளகாய் இதுவரை எத்தனையோ டம்ளர் குடித்திருக்கிறாள். யோசனை வந்ததில்லை. பாத்ரூம்தான் வந்திருக்கிறது.

ஆனாலும் குடித்தாள். அம்மா பார்த்துக்கொண்டே நின்றதால் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

டம்ளரின் விளிம்புக்கு மேலே சித்தப்பாவின் மேஜை தெரிந்தது. அதில் அவருடைய சாப்பாட்டு டப்பா. காலையில் அம்மா மூடிக் கொடுத்தது மூடியபடியே இருந்தது. பதினேழு ஓட்டையை அடைத்தவரின் வயிறு மட்டும் காலியாக இருந்தது.

அதைப் பார்த்ததும் கோபம் போய்விடவில்லை. ஆனால் திருகுக்குப் போன கை கீழே இறங்கியது.

இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஃப்ரேம் இன்னும் கழற்றப்படவில்லை. கழற்றியிருந்தால், மறுபடி மாட்டும்போது மயிரிழை தள்ளிப்போனாலும் தையல் வேறு இடத்தில் விழும். இப்போது ஊசி அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

"மணல் நிற நூல் இருக்கா?" என்று கேட்டாள். குரலில் காரம் குறையவில்லை.

"எதுக்குமா?"

"இலை மேல துணி நிறத்துலயே தைச்சா ஓட்டை மாதிரி தெரியும்."

சித்தப்பா நூல் பெட்டியைக் கவிழ்த்தார்.

மிளகாய் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பென்சிலில் வரைந்த படம் நோட்டில் பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொரு ஓட்டையாகத் திரையில் இருந்த இலைகளின் மேல் வரைந்தாள்.

"இலையை அழிச்சுடாதே," என்றார் சித்தப்பா பின்னாலிருந்து. "அழிச்சா எல்லாம் இடம் மாறிடும். பச்சையைத் தைக்காம தாண்டிப் போன்னு நான் மிஷின்கிட்ட சொல்லிக்கிறேன்."

"தெரியும்."

"நூலை ரொம்ப நெருக்கமாப் போடாதே. ஊசி உடையும்."

"இடைவெளி விட்டுப் போட்டா அடியில பச்சை தெரியும்."

"அப்போ ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுலதான் போட்டிருக்கேன். நீங்க சாப்பிடுங்க முதல்ல. உங்க வயிறு கத்துறதுல எனக்கு ஓட்டை கோணலாப் போகுது."

அம்மா சத்தமில்லாமல் சிரித்தாள். சித்தப்பா டப்பாவைத் திறந்தார்.

ஓட்டையின் விளிம்பில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்றையும் மிளகாய் சேர்த்தாள். புழு கடித்த இடம் ஓரத்தில் காய்ந்து அப்படித்தான் இருக்கும். முதல் படத்தில் அதை மறந்திருந்தாள்.

மிஷின் ஓடியது. மூவரும் ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் ஓட்டை அதன் இடத்தில் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. பதினேழும் விழுந்து முடித்தபோது, யாரோ ஆற அமர உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுப் போன கொடி அங்கே இருந்தது.

சித்தப்பா குனிந்து பார்த்தார். ஓர் இலைக்கும் காம்புக்கும் நடுவே துளி இடைவெளி. அவர் விரல் துடித்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மிளகாய், இது புழு தின்னதா, விட்டுப் போனதா?"

அவள் உற்றுப் பார்த்தாள். "விட்டுப் போனதுதான் சித்தப்பா. அடைச்சிடுங்க."

அவர் முகத்தில் அன்றைக்கு இரண்டாவது முறையாகச் சிரிப்பு வந்தது. அவள் மூக்கும் ஒருவழியாகப் பழைய நிறத்துக்கு வந்திருந்தது.

மறுநாள் காலை தோட்டக்காரம்மா ஏப்ரனை விரித்தார். அவருடைய மண் ஏறிய விரல் ஒன்று மெல்ல ஓர் ஓட்டைக்குள் நுழையப் போனது. அங்கே நூல் தட்டுப்பட்டதும் அப்படியே நின்றது.

"அடப்பாவிங்களா," என்றார் தோட்டக்காரம்மா. கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "இந்த இலையைத் தின்னவன் எவன்னுகூட எனக்குத் தெரியும். போன வாரம்தான் பறந்து போனான்."