பாய்லருக்குள் ஈர மட்டை

குளோரியாவின் அம்மா பிரிஜெட்டுக்கு ஸ்ரீராம்புரத்துச் சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வெளுக்கும். தென்னைக்குப் பேர்போன திப்தூரிலிருந்து காய்ந்த தேங்காய் மட்டை லாரியில் வரும். அம்மா அதை பாய்லரில் போட்டு எரிப்பாள். நீராவி கிளம்பும். அது முதலில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கும். அப்புறம் அந்தச் சூட்டிலேயே துணியும் காயும். குப்பையில் இவ்வளவு நடக்குமா என்று நானும் நம்பவில்லை. போய்ப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்து குளோரியா உள்ளே வந்தாள். விளக்குகள் மங்கிக் கிடந்தன. அழுத்தம் காட்டும் முள் அடியிலேயே நின்றது. முதலாளி கோவிந்தப்பா கத்திக்கொண்டிருந்தார்.

“மட்டையெல்லாம் ஈரம்! நேத்து மழையில தார்ப்பாய் போடலையா?”

“போட்டேன் சார். நானே இழுத்துக் கட்டினேன்.”

“அப்போ மழை தார்ப்பாய்க்குள்ள புகுந்து பெஞ்சுதா? சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி வரும். துணி காயலைன்னா திங்கக்கிழமை நீ வரவேணாம்!”

குளோரியா மட்டைக் குவியலைப் பார்த்தாள். ஈரம் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

தெருமுனையில் இளநீர் விற்கும் சண்முகம், வெட்டிய மட்டைகளைக் கொட்ட இடமில்லாமல் தவித்தார். “எங்கம்மா மட்டைதான் எரிக்கிறாங்க. அங்க போடுங்கண்ணா” என்று சொன்னது இவள்தான். அவரும் தினம் ராத்திரி கூடம் பூட்டிய பிறகு கொண்டுவந்து குவியலில் கொட்டினார். இளநீர் மட்டைக்குள்ளே ஈரம் ஊறிக் கிடக்கும் என்று இவள் யோசிக்கவில்லை.

சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் அம்மாவுக்கு வேலை போகும். கோவிந்தப்பா மன்னிக்கிற ஆளாகவும் தெரியவில்லை.

“அங்கிள், அம்மா மேல தப்பில்ல. நான்தான்.”

“நீயா? மழையை நீயா வரவெச்சே?”

குளோரியா எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். திட்டு ஆரம்பிப்பதற்குள் குளோரியா தெருமுனைக்கு ஓடினாள்.

“சண்முகம் அண்ணா, உங்க மட்டையால பாய்லர் அணையுது! ஓடி வாங்க!”

அவர் அப்படியே ஓடிவந்தார். கையில் அரிவாள். கோவிந்தப்பா இரண்டடி பின்னால் போனார்.

“யோவ், முதல்ல அதைக் கீழே வைய்யா!”

குவியலைப் பார்த்து அம்மா நொந்துபோனாள். “பச்சைத் தோலும் வாடி எல்லாம் பழுப்பாத்தான் இருக்கு. எது ஈரம்னு எப்படிப் பிரிக்கிறது?”

குளோரியா இரண்டு மட்டைகளை எடுத்து மோதினாள். டக்! வேறு இரண்டை மோதினாள். தொப்.

“தொப்புன்னா வெளியே எறிங்க!”

டக், டக், தொப். சண்முகமும் அவளும் தட்டித் தட்டிப் பிரித்தார்கள். அம்மா காய்ந்ததை மட்டும் உள்ளே தள்ளினாள். முள் கொஞ்சம் ஏறியது. நின்றது.

“பேகா, பேகா!” சீக்கிரம் என்று விரட்டும் அவசரத்தில் கோவிந்தப்பாவுக்குக் கன்னடம் வந்துவிட்டது.

முள் மறுபடி அசைந்தது. ஈர மட்டையால் கிளம்பிய வெள்ளைப் புகை மெலிந்தது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. துணி காயும் உருளை முனகிக்கொண்டே சுழலத் தொடங்கியது.

“அப்போ என் மட்டையை எங்க போடுறது?” என்றார் சண்முகம்.

“மொட்டைமாடியில காயப்போடு. டக்குன்னு சத்தம் வந்த பிறகு கொண்டா” என்றார் கோவிந்தப்பா.

வெளியே ஆஸ்பத்திரி வண்டியின் ஹாரன் கேட்டது. கடைசி விரிப்புகள் இன்னும் உருளைக்குள் இருந்தன. அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

“சார், இன்னும் ரெண்டு மட்டை.”

முதலாளி குனிந்தார். இரண்டையும் தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.