குணம் சொன்ன ஒரு சொல்

1997ஆம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை. ஸைனுலாப்தீன் பின்னேர அசர் தொழுதுவிட்டு, முன் விறாந்தையில் அமர்ந்து நேற்றைய பத்திரிகையை இரண்டாந் தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கல்முனை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து இளைப்பாறியவர். மனைவி மௌத்தாகி மண்ணுக்குப் போய், மக்கள் இருவரும் கட்டாருக்குப் போனபின் அந்த வீட்டில் குரல் கேட்பதே அபூர்வம். வம்பு வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள் வருவார்கள். இல்லாவிட்டால், அவரை அண்ணன் முறைக்குக் 'காக்கா' என்று அழைக்கும் சப்ரி வருவார். நீதிமன்றத் தட்டெழுத்தாளரான சப்ரிக்கு நாற்பது வயதாகியும் மர்மம் என்றால் பசியே மறந்துவிடும்.

அன்று சப்ரி தன் மச்சானின் வான் வண்டியில் ஒரு முதிய பெண்ணை அழைத்து வந்திருந்தார். போன திங்கட்கிழமை காலமான போதகர் தங்கராசாவின் தாய், ஞானம்மா.

"தம்பி, என்ட மகனக் குணம் எண்டவன் கொலை செய்தானா இல்லையா எண்டு எனக்குச் சொல்லுங்க," என்றார் அவர், உட்காராமலே. "நாளைக்குக் காலைல என்ட மருமகன் பொலிசுக்குப் போகப்போறான். மகன்ட குழியத் தோண்டிப் பாக்கோணுமாம்."

"இருங்கம்மா. குணம் ஆரு?"

"எங்கட பின்னறைல ஒன்பது வருசமா இருந்தவன். ரோட்டோரத்தில சைக்கிள் திருத்துற கடை வச்சிருந்தவன். செவ்வாய்க்கிழமை மகன அடக்கம் செய்யக்குள்ள, மண் விழுந்த உடனே என்ட கையப் பிடிச்சு, 'விடுதலை வந்திட்டம்மா' எண்டான். பக்கத்தில நிண்ட எல்லாருக்கும் கேட்டது. புதன் விடியப் பார்த்தா ஆள் இல்ல."

"மகன்ட உசிர் எப்பிடிப் போனது?"

"மத்தியானம் சாப்பிட்டுக் கதிரைல சாய்ஞ்சவன், எழும்பல்ல. நெஞ்சு வருத்தம் எண்டுதான் டொக்டர் எழுதினவர்."

"சமைச்சது ஆரு?"

"நான்தான். குணத்துக்கும் நான்தான் சோறு குடுக்கிற. வேற ஆக்கள்ட கையில குடுத்து விடப்படா, நீங்கதான் குடுக்கோணும் எண்டு மகன் கண்டிப்பாச் சொன்னவன். உடுப்பும் நான்தான் எடுத்துக் குடுப்பன்."

ஸைனுலாப்தீன் பத்திரிகையை மடித்து வைத்தார். "குணத்திட அறையப் பார்க்கலாமா?"

அறை துப்புரவாக இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரோடு சாத்திய சைக்கிள். சப்ரி போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்த்தார். எல்லாம் சைக்கிளுக்கு விடும் எண்ணெய்தான். ஸைனுலாப்தீனோ குனிந்து சைக்கிளின் டயரைத் தடவினார்.

"எப்ப வாங்கின சைக்கிள் அம்மா?"

"இஞ்ச வந்த வருசமே. ஆனா எங்கயும் போகமாட்டான். நற்பிட்டிமுனைல தாய் செத்ததுக்கும் போகல்ல தம்பி. இஞ்ச இருந்து நடந்து போற தூரம். ஊர் முடியிற இடமட்டும் போய், ரோட்டில நிண்டு அழுதுபோட்டுத் திரும்பி வந்தவன். கல் நெஞ்சன் எண்டு சனம் ஏசினது."

மேசையில் ஒரு வேதாகமம் இருந்தது. சப்ரி அதைப் பாய்ந்து எடுத்தார். தொடக்கத்திலுள்ள ஐந்து புத்தகங்களின் ஓரங்கள் மட்டும் விரல் பட்டுக் கறுத்திருந்தன. மிச்சப் பக்கங்கள் கடையில் வாங்கிய மாதிரியே ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஒவ்வொரு நாளும் பின்னேரம் ரெண்டு பேரும் அதத்தான் வாசிக்கிற," என்றார் ஞானம்மா. "கோடாலி ஏன் காம்பில இருந்து கழண்டது, பட்டணம் ஏன் ஆறு எண்டெல்லாம் ஒவ்வொரு சொல்லாக் கதைப்பாங்க. எனக்கு ஒண்டும் விளங்காது."

புத்தகம் தானாகவே ஓரிடத்தில் திறந்துகொண்டது. எண்ணாகமம், முப்பத்தைந்தாம் அதிகாரம்.

"காக்கா, முடிஞ்சுது!" என்று சப்ரி கத்தினார். "பக்கம் முழுக்கக் கொலைகாரன், கொலைகாரன் எண்டுதான் இரிக்கி. கீழ கோடும் போட்டிரிக்கான்!"

"எந்தச் சொல்லுக்குக் கீழ கோடு எண்டு பாருங்க."

சப்ரி உற்றுப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது. "'அறியாமல்'... பிறகு, 'எல்லை'."

பக்கங்களுக்கிடையே நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. ஸைனுலாப்தீன் அதை விரித்து அடிவரை பார்த்தார். அது ஒரு தீர்ப்பின் தமிழ்ப் பிரதி. அடியில் இருந்தது அவருடைய கையெழுத்து.

"அம்மா, இருங்க," என்றார். "குணம் உங்கட மகனக் கொல்லல்ல. அவன்ட கையால செத்தது வேற ஒரு ஆள். அதுவும் வேணுமெண்டு இல்ல."

ஞானம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"88ல குணம் லொறி ஓடினவன். ஒலுவில் கடற்கரைல மீன் ஏத்த லொறியப் பின்னுக்கு எடுக்கக்குள்ள ஒரு பொடியன் அடிபட்டு மௌத்தாகிட்டான். கோட்டுல வழக்கு நடந்து, வேணுமெண்டு செய்யல்ல எண்டு நீதவான் இவன விட்டிட்டாரு. அந்தத் தீர்ப்ப மொழிபெயர்த்தது நான். மௌத்தானவன்ட கூடப்பிறந்த காக்கா அதாவுல்லா, கோட்டு வாசல்ல நிண்டு, 'எங்க கண்டாலும் வெட்டுவன்' எண்டு சத்தியம் பண்ணினான்."

"இதுக்கும் வேதத்துக்கும் என்ன காக்கா?" என்றார் சப்ரி.

"நாங்க தௌறாத் எண்டு சொல்ற இந்த முதல் அஞ்சு புத்தகத்தில ஒரு சட்டம் இரிக்கி. காட்டில மரம் வெட்டக்குள்ள கோடாலி கழண்டு பக்கத்தில நிக்கிறவன்ட உசிர் போனா, வெட்டினவன் ஓடி ஒளிக்கிறதுக்கு ஆறு பட்டணம். எல்லைக்குள்ள இருக்கிறமட்டும் அவனத் தொடப்படா. எல்லையத் தாண்டினா, மௌத்தானவன்ட சொந்தக்காரன் பழி எடுக்கலாம். போதகர் இந்தச் சட்டத்தச் சொல்லிக் குணத்த ஆறுதல்படுத்தியிருப்பாரு. அவன் அத அப்பிடியே எடுத்திட்டான். கல்முனைதான் அவன்ட பட்டணம். சைக்கிள் டயர் தேயாததும், தாய்ட சாவுக்குப் போகாததும் அதுதான்."

"அப்ப ஏன் இப்ப போனவன்?"

"பட்டணத்தில எத்தின வருசம் இருக்கோணும் எண்டு கணக்கில்ல சப்ரி. பெரிய ஆசாரியர் சாகுமட்டும். அவர் செத்தா ஒளிச்சிருக்கிறவனுக்கு விடுதலை. ஊருக்குப் போகலாம், ஒருத்தரும் தொடப்படா. குணத்துக்கு ஆசாரியர் எண்டா உங்கட மகன்தான் அம்மா. குழிக்குப் பக்கத்தில அவன் சொன்னது அந்தச் சொல்."

அந்த அதிகாரத்தின் ஓரத்தில் பென்சிலால் பொடியாக ஏதோ எழுதியிருந்தது. ஸைனுலாப்தீன் அதை மனதுக்குள் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடப்போனார்.

"அது மகன்ட எழுத்து. வாசிங்க," என்றார் ஞானம்மா.

"வேணாம் அம்மா."

"வாசிங்க தம்பி."

அவர் வாசித்தார். "'ஆசாரியரின் தாய் அடைக்கலம் புகுந்தவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து வந்தாள் என்று யூத அறிஞர் சொல்வர். தன் மகன் சாகவேண்டுமென்று அவர்கள் மன்றாடாதிருப்பதற்காக.'"

ஞானம்மா தன் இரு கைகளையும் திருப்பிப் பார்த்தார். ஒன்பது வருடம் சோறு பிசைந்து கொடுத்த கைகள்.

"காக்கா," என்றார் சப்ரி மெதுவாக. "இந்தச் சட்டம் அதாவுல்லாவுக்குத் தெரியுமா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒன்பது வருடப் பாரத்தோடு போனவன் முதலில் அந்தப் பொடியனின் வீட்டுக்குத்தான் போயிருப்பான் என்று மூவரும் ஒலுவிலுக்குப் புறப்பட்டார்கள்.

காரைதீவிலும் நிந்தவூரிலும் சோதனைச்சாவடியில் இறக்கி ஏற்றினார்கள். வண்டி ஓடும்போது ஸைனுலாப்தீன் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சைக்கிள் கடையைத் தாண்டி எத்தனை நூறு தடவை நடந்திருப்பார்? ஒருநாளாவது அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும். தன்னைப்போலவே பேச ஆளில்லாத ஒருவன், இவருடைய கையெழுத்திட்ட தாளைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு அதே தெருவில் இருந்திருக்கிறான்.

ஒலுவிலில் விசாரித்துக் கண்டுபிடித்த வீடு கடற்கரையை ஒட்டி, கிடுகு வேலிக்குள் இருந்தது. முற்றத்து மணலில் குணம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடம்பில் கீறல் இல்லை. எதிரே ஒரு மூதாட்டி. மௌத்தானவனின் தாய், ஹவ்வா உம்மா.

"அதாவுல்லா எங்க?" என்றார் சப்ரி, மூச்சு வாங்க.

"கடலுக்குப் போய் அஞ்சு வருசம்," என்றார் ஹவ்வா உம்மா. "தோணி வந்தது. அவன் வரல்ல. மையித்தும் கிடைக்கல்ல."

ஐந்து வருடமாகக் குணத்தைத் தேட உலகத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

"நேத்து வந்து வேலிக் கடப்புல நிண்டான்," என்றார் மூதாட்டி. "ஆரு மனே எண்டு கேட்டன். சொன்னான். அண்டைக்கே வந்து என்னோட அழுதிரிக்கலாமே எண்டு கேட்டன். அதுக்குப் பிறகு கதைக்கவே இல்ல. ரெண்டு புள்ளயும் போய் நான் இஞ்ச தனிச்சிரிக்கன். ஒரு ஆளாவது வந்து இரிந்திரிக்கலாம்."

ஞானம்மா மணலில் கால் புதையப் புதைய நடந்துபோய்க் குணத்தின் முன் நின்றார்.

"உண்மையச் சொல்லு. என்ட மகன் சாகோணும் எண்டு மன்றாடினியா?"

குணம் நிமிர்ந்தான். "ஓம் அம்மா. முதல் வருசம், ஒவ்வொரு நாளும்." அவன் மறுபடி மணலைப் பார்த்தான். "பிறகு ஏலாமப் போச்சு. போன மாசம் ஐயாக்கு நெஞ்சு நொந்த நேரம், எனக்கு விடுதலையே வேணாம், ஐயா இருக்கட்டும் எண்டு மன்றாடினன். ஆண்டவர் கேக்கல்ல அம்மா."

ஞானம்மா அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகு அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை முதல் வராத அழுகையை எல்லாம் அங்கே அழுதார். ஹவ்வா உம்மா எழுந்து, ஒரு பாயைக் கொண்டுவந்து அவர்கள் பக்கத்தில் விரித்தார்.

ஸைனுலாப்தீன் சப்ரியின் தோளைத் தொட்டார். இருவரும் வேலிக்கு வெளியே வந்து, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை கடலைப் பார்த்தபடி நின்றார்கள்.