திரை போட்ட மோட்டார் சைக்கிள்

மெஹராஜுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பாள் உம்மா. அந்த வாரமோ கேட்கவே வேண்டாம். அம்பர்நாத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்கா அக்தர் பானு ராத்தாவைத் தலைப்பிரசவத்துக்குத் தாராவிக்கு அழைத்துவர வேண்டும். நாளோ நெருங்கிக்கொண்டே இருந்தது.

ரயிலில் கூட்டிவரலாமே என்பீர்கள். அது யுத்த காலம். பெட்டிகளில் எல்லாம் பட்டாளத்துக்காரர்கள். நிற்கவே இடமில்லாத கூட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சியை எப்படி ஏற்றுவது?

அதனால்தான் வாப்பா கலீலுல்லா தன் பழைய மோட்டார் சைக்கிளைத் தயார் செய்தார். தோல்பெட்டி செய்கிற பட்டறைக்காரர் அவர். கை சும்மா இருக்குமா? வண்டியின் பக்கத்தில், ஓர் ஆள் உட்காரும் தொட்டியைப் பூட்டினார். மகள் அந்நியர் கண்ணில் படாமல் கோஷாவோடு கௌரவமாக வரவேண்டும் என்று நான்கு கம்புகள் நட்டு, கூரை போட்டு, சுற்றிலும் கனத்த பச்சைத் திரையும் கட்டினார். ஜட்கா வண்டி மாதிரியே இருந்தது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

வெள்ளோட்டம் விட்டார்கள். ராத்தாவின் இடத்தில் மெஹராஜ். வாப்பாவுக்குப் பின்னால் பக்கத்துப் பட்டறை கணேசபாண்டியன் மிஸ்திரி.

முன்பு அதே அளவு பெட்ரோலுக்கு வண்டி குர்லா போய் வீடு வந்து சேர்ந்துவிடும். அன்றைக்குத் திரும்பும்போது பாதி வழியில் சயானிலேயே பெட்ரோல் தீர்ந்து மூச்சை விட்டுவிட்டது.

வாப்பாவின் முகம் கறுத்துப்போனது. "ரேஷன் கூப்பனுக்கு இனி ஒரு தடவைதான் பெட்ரோல் ஊத்துவான். இப்பிடிக் குடிச்சா அம்பர்நாத் போயிரலாம். திரும்பி வர முடியாதே!"

"கார்புரேட்டர்தான் பாய். வண்டிக்குத் தாகம் கூடிப்போச்சு" என்றார் மிஸ்திரி.

வேறு வழியில்லை. இருவரும் வண்டியைத் தள்ளினார்கள். எதிரே கடற்காற்று. மெஹராஜ் சும்மா நடப்பாளா? முன்னால் ஓடினாள், பின்னால் ஓடினாள். திரை படாரென்று அவள் முகத்தில் அடித்தது. எரிச்சலில் முடிச்சை அவிழ்த்து, மொத்தத் திரையையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

வண்டி விறுவிறுவென்று நகர, தள்ளிக்கொண்டிருந்த வாப்பா தடுமாறி விழப்பார்த்தார்.

"ஏளா, என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலியே வாப்பா!"

ஆனால் மெஹராஜுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திரையை மறுபடி கட்டினாள். அது புஸ்ஸென்று உப்பியது. வண்டி கனத்தது. அவிழ்த்தாள். வண்டி லேசானது.

"வாப்பா, வண்டிக்குத் தாகமில்ல! காத்து திரையப் புடிச்சுப் பின்னால இழுக்கு. அதோட மல்லுக்கட்டித்தான் வண்டி அம்புட்டு பெட்ரோலையும் குடிக்கி!"

மிஸ்திரி தலையைச் சொறிந்தார். "அரே! பிள்ள சொல்லுதது சரிதான் பாய்."

"அதுக்குத் திரை இல்லாம எப்பிடிளா?"

"போறப்ப உள்ள ஆளே இல்லியே. காலித் தொட்டிக்கு எதுக்கு வாப்பா கோஷா?"

மிஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. "வாறப்ப?" என்றார்.

அந்தக் கேள்வியோடு மெஹராஜும் வண்டியைத் தள்ளினாள். வீடு வந்தும் நிலைகொள்ளவில்லை. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். திடீரென்று உம்மாவின் வெள்ளைத் துப்பட்டியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். தொட்டிக்குள் ஏறினாள். ஒரு தோலைத் தொட்டியின் மூக்கிலிருந்து தன் கழுத்துவரை சரிவாக இழுத்துவிட்டுக்கொண்டாள். காற்று சறுக்கிக்கொண்டு மேலே போய்விடும்!

"உம்மா, கடைக்கு இப்பிடித் துப்பட்டி போட்டுத்தானே போறீய?"

உம்மா வாப்பாவைப் பார்த்தாள். "வேறென்ன வேணும்?"

பார்த்துப் பார்த்துத் தைத்த திரை. வாப்பாவுக்கு மனசே இல்லை. ஆனாலும் ரம்பத்தை எடுத்து நான்கு கம்புகளையும் அவரே அறுத்தார்.

கிளம்பும் காலையில் மெஹராஜ் முதல் ஆளாகத் தொட்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். எத்தனை நாள் ஆசை! வாப்பா வண்டியை உதைக்கப்போகும் நேரம் சட்டென்று கீழே குதித்தாள்.

"என்னளா?"

"நானும் ஒரு கனந்தானே வாப்பா? பெட்ரோல் கூடப் போவும். நீங்க போயிட்டு வாங்க."

சொல்லிவிட்டாளே தவிர அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்று முழுக்க வாசலுக்கும் தெருமுனைக்குமாக ஓடினாள். தூரத்தில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எட்டி எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் உக்காருளா!" என்று உம்மா கெஞ்சினாள்.

சாயங்காலம் தெருமுனையில் டப்... டப்... டப் என்று சத்தம். வண்டியேதான்! ஒருமுறை இருமியது. நின்றுவிட்டது.

மெஹராஜ் பறந்தாள். துப்பட்டிக்குள்ளிருந்து அக்தர் ராத்தாவின் முகம் சிரித்தது.

"பெட்ரோல் தீந்துட்டு" என்றார் வாப்பா, வாயெல்லாம் பல்லாக.

"இறங்கி நடக்கேன்ளா" என்றாள் ராத்தா.

"நீ அசையாம இரி!" என்று மெஹராஜ் பின்னால் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினாள்.

"மெதுவா! உள்ள ரெண்டு பேரு இருக்கோம்."

"தெரியும் ராத்தா. அதான் இந்தக் கனம் கனக்கீய!"